பல்லுக்கு எவ்வளவு? சிஎன்சி மெஷினில் ஃபீட் வைக்கும் கணக்கு

புது ஜாப் ஒன்று மெஷினில் ஏறுகிறது. கட்டர் இரும்பைத் தொட்டதும் சத்தம் லேசாக மாறுகிறது. உடனே ஆபரேட்டரின் கை பேனலில் இருக்கும் ஃபீட் ஓவர்ரைடு குமிழுக்குப் போகும். 100 சதவீதத்தில் இருந்ததை 70க்கு இறக்குவார். மனசு கேட்காமல் 50க்கும் இறக்குவார். மெதுவாகப் போனால் டூல் பிழைக்கும் என்பது பட்டறைகளில் ஊறிப்போன நம்பிக்கை. கோவை கணபதியிலும் அதுதான், அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதுதான், ஓசூரிலும் அதுதான். பல சமயம் நடப்பது நேர்மாறு. ஃபீட்டை இறக்கியதால்தான் டூல் சீக்கிரம் மழுங்குகிறது, பினிஷ் கெடுகிறது, சில நேரம் அந்தச் சத்தமே கூடுகிறது.

இது ஏன் என்று புரிய வேண்டுமானால், திரையில் தெரியும் எஃப் என்ற எண்ணைக் கொஞ்சம் மறந்துவிட்டு, கட்டரின் ஒரே ஒரு பல்லை மட்டும் பார்க்க வேண்டும்.

மில்லிங் புரோகிராமில் எஃப்500 என்று எழுதினால் நிமிடத்துக்கு 500 மி.மீ. நகர் என்று பொருள். கட்டர் எத்தனை சுற்று சுற்றுகிறது, அதில் எத்தனை பல் என்ற செய்தி அந்த எண்ணில் இல்லை. நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும் 2 பல் கட்டருக்கு 500 என்றால், ஒவ்வொரு பல்லும் கால் மில்லிமீட்டர் கடிக்கிறது. கட்டர் சின்னதாக இருந்தால் முறிந்துவிடும். அதே 500ஐ 5,000 சுற்றில் ஓடும் 4 பல் கட்டருக்குக் கொடுத்தால், பல்லுக்கு விழுவது 0.025 மி.மீ. அது இரும்பை வெட்டுகிறதா தடவுகிறதா என்றே சொல்ல முடியாது. எண் ஒன்றுதான்; ஒரு இடத்தில் ஆபத்து, இன்னொரு இடத்தில் வீண்.

அதனால் ஃபீட்டைக் கடைசியில்தான் கணக்கிட வேண்டும். முதலில் வெட்டு வேகம்: பல்லின் நுனி நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் உலோகத்தின் மேல் ஓடலாம் என்பது. இதை டூலும் மெட்டீரியலும் சேர்ந்து முடிவு செய்யும். அந்த வேகத்தை 1,000 ஆல் பெருக்கி, கட்டர் விட்டத்தின் 3.14 மடங்கால் வகுத்தால் ஆர்பிஎம் கிடைக்கும். அந்த ஆர்பிஎம்மைப் பல் எண்ணிக்கையாலும், பல்லுக்கு எத்தனை மி.மீ. என்ற அளவாலும் பெருக்கினால் வருவதுதான் எஃப்.

நம் ஊர்ப் பட்டறைகளில் அன்றாடம் ஓடும் ஈஎன்8 எஃகை எடுத்துக்கொள்வோம். 10 மி.மீ. சாலிட் கார்பைடு எண்ட்மில், 4 பல், வெட்டு வேகம் 120 மீட்டர். 1,20,000ஐ 31.4 ஆல் வகுத்தால் சுமார் 3,820 ஆர்பிஎம். பல்லுக்கு 0.05 மி.மீ. என்று வைத்தால், 3,820 பெருக்கல் 4 பெருக்கல் 0.05, ஆக 764. இந்த 764ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கட்டரை வைத்தே மேற்கொண்டு பேசலாம்.

இதில் 0.05 என்ற எண்தான் ராஜா. மற்றதெல்லாம் பெருக்கல் வகுத்தல்.

அந்த 0.05ஐ 0.02 ஆக்கினால் டூலுக்குச் சுமை குறையத்தானே செய்யும்? ஒரு கடியின் சுமை குறையும், உண்மைதான். ஆனால் எந்த வெட்டு விளிம்பும் கோடு போலக் கூராக இருப்பதில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் அது உருண்டையாகத்தான் இருக்கும். எஃகு வெட்டும் இன்சர்ட்டுகளில் விளிம்பு சட்டென்று சிதறக் கூடாது என்பதற்காக, வேண்டுமென்றே 20 முதல் 50 மைக்ரான் ஆரம் வரை மழுக்கி விடுகிறார்கள். அலுமினியத்துக்கான டூல்கள் இதைவிடக் கூரானவை. விளிம்பின் உருட்சியோடு ஒப்பிடும்போது சிப்பின் கனம் மிகவும் குறைந்துவிட்டால், பல் உலோகத்துக்கு அடியில் இறங்காது. மேலேறி அழுத்திக்கொண்டு போகும். ஆசாரி இழைப்புளியில் இரும்பை உள்ளே தட்டிக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் சுருள் வருவது நின்று, பலகை வெறுமனே பளபளக்குமே, அதே கதைதான். சிப் உருவாவதற்கு விளிம்பு ஆரத்தில் தோராயமாகக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையாவது கனம் வேண்டும்.

சிப் உருவாகாவிட்டால் என்ன நடக்கும்? வெட்டும்போது பிறக்கும் வெப்பத்தின் பெரும் பகுதியைச் சிப்தான் சுமந்துகொண்டு வெளியே போகிறது. சிப் இல்லையென்றால் அந்த வெப்பம் டூலுக்கும் ஜாபுக்கும் போகும். டூலின் பின்பக்கம் தேயும். எஸ்எஸ்304 போன்ற ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் மோசம். தேய்க்கத் தேய்க்க அதன் மேல்தோல் இறுகும். அடுத்த பல் அந்த இறுகிய தோலின் மேல்தான் வந்து விழும். ஸ்டெயின்லெஸில் பயந்து பயந்து ஃபீட் குறைப்பவருக்கு டூல் செலவு ஏறுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. 100 மி.மீ. நீளத்தைப் பல்லுக்கு 0.05 வீதம் வெட்டினால், பற்கள் எல்லாம் சேர்ந்து 2,000 முறை கடிக்கின்றன. 0.025 ஆக்கினால் 4,000 முறை. ஒவ்வொரு கடியிலும் விளிம்பு ஒருமுறை இடிபட்டு, ஒருமுறை சூடாகி, ஒருமுறை உரசி வெளியே வருகிறது. வேலை முடிவதற்குள் இரண்டு மடங்கு இடி. மெதுவாகப் போனது போலத் தெரிந்தது மேசை மட்டும்தான். பல் பழைய வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபீட் குமிழ் ஆர்பிஎம்மைக் குறைக்காது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அது நகர்வை மட்டும் குறைக்கும்; ஆகவே பல்லுக்கு விழும் அளவு நேராகக் குறையும். பக்கத்தில் இருக்கும் ஸ்பிண்டில் குமிழ் இதற்கு எதிர். மில்லிங்கில் நிமிடக் கணக்கில் ஃபீட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பிண்டிலை மட்டும் 3,820லிருந்து 1,910க்கு இறக்கினால், பல்லுக்கு 0.05 இருந்தது 0.1 ஆகிவிடும். "பாதுகாப்புக்காக" ஸ்பிண்டிலைக் குறைத்து டூலை முறித்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சத்தம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு குமிழையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். அல்லது வெட்டின் ஆழத்தைக் குறைக்க வேண்டும்.

அப்படியானால் ஃபீட்டை இஷ்டத்துக்கு ஏற்றலாமா? அதற்கும் எல்லைகள் உண்டு. எல்லோரும் பயப்படுவது டூல் முறிவதற்கு. அதற்கு முன்பே வருவது வளைவு. ஹோல்டரிலிருந்து வெளியே நீளும் கட்டர் ஒரு பக்கம் பிடித்த கம்பி போல வளையும். நீட்டம் கூடினால் வளைவு அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 10 மி.மீ. கட்டரை 30 மி.மீ. நீட்டிப் பிடித்ததற்கும் 45 மி.மீ. நீட்டிப் பிடித்ததற்கும் வித்தியாசம் ஒன்றரை மடங்கு அல்ல, மூன்றே கால் மடங்குக்கும் மேல். விட்டமோ நான்காம் மடியில் வேலை செய்கிறது: பாதி விட்டமுள்ள கட்டர் 16 மடங்கு வளையும். ஃபீட் ஏற்ற இடமில்லை என்று புகார் வரும் இடங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, கட்டர் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதைத்தான். காலெட்டைத் தளர்த்தி 10 மி.மீ. உள்ளே தள்ளுவதற்குக் காசு எதுவும் ஆகாது.

அடுத்தது ரன்அவுட். 2 பல் கட்டர் ஒன்றில் டயல் வைத்துச் சுற்றிப் பார்க்கிறோம், முள் 0.02 ஆடுகிறது. பல்லுக்கு 0.03 என்று நாம் புரோகிராம் போட்டிருக்கிறோம். நிஜத்தில் ஒரு பல் 0.05 கடிக்கும், எதிர்ப் பல் 0.01தான் கடிக்கும். ஒன்று அளவுக்கு மீறிய சுமையில் உடைகிறது, மற்றது தேய்ந்தே சாகிறது. சின்ன கட்டர்களில் ஃபீட் கணக்கு பொய்த்துப் போவதற்குப் பெரும்பாலும் இந்த 0.02தான் காரணம். காலெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஒரு துளி சிப்பைத் துடைத்தாலே பாதி சரியாகிவிடும்.

ஆழம், ஃபீட், வேகம் மூன்றில் எதை முதலில் ஏற்றுவது என்ற கேள்விக்கு நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் பதில் கண்டுவிட்டார். அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் ஃபிரெடெரிக் டெய்லர் 1880இல் வெட்டுச் சோதனைகளைத் தொடங்கினார். 26 ஆண்டுகள் விட்டுவிட்டு நடந்தன. சோதனைகளின் எண்ணிக்கை முப்பதாயிரத்துக்கு மேல். சுமார் 360 டன் இரும்பைச் சிப்பாக்கியிருந்தார். முடிவுகளை 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக நின்று வாசித்தார். மெட்டீரியல், டூலின் வடிவம், கூலண்ட், ஆழம், ஃபீட் என்று 12 காரணிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை அவர் எடுத்துக் காட்டினார். நிர்வாக வேலைகளில் டெய்லர் செய்ததைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. உலோக வெட்டில் அவர் போட்ட பாதையில்தான் இன்றும் போய்க்கொண்டிருக்கிறோம்.

அவருடைய சூத்திரம் சொல்வது இது: டூலின் ஆயுளை அதிகம் தின்பது வெட்டு வேகம். கார்பைடு டூலில் வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஹெச்எஸ்எஸ் டூலில் கால் பங்காகும். ஃபீட் அந்த அளவுக்குத் தின்பதில்லை. ஆழம் இன்னும் குறைவு. அதனால் ரஃபிங்கில் முதலில் ஆழத்தை முடிந்தவரை எடு, பிறகு ஃபீட்டை ஏற்று, வேகத்தைக் கடைசியில் தொடு என்பது பழைய செட்டர்கள் கைப்பழக்கமாகவே வைத்திருக்கும் வரிசை. நேரம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றதும் ஆர்பிஎம்மை ஏற்றுகிற புதியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

தொடக்க எண் எங்கே கிடைக்கும்? இன்சர்ட் பெட்டியின் மேலேயே இருக்கிறது. அந்த லேபிளைப் படிக்காமல் கிழித்து எறிவது நம் ஊர் வழக்கம். வெட்டு வேகம், ஃபீட், ஆழம் மூன்றுக்கும் குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். நீலம் எஃகுக்கு, மஞ்சள் ஸ்டெயின்லெஸுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு, பச்சை அலுமினியம் வகைக்கு. எந்தக் கம்பெனி பெட்டியானாலும் இந்த நிறங்கள் மாறாது. கொடுத்திருக்கும் வரம்பின் நடுவில் தொடங்கலாம். மெஷின் பழசு, ஜாபின் பிடிமானம் சுமார் என்றால் கொஞ்சம் கீழே. வரம்பின் அடி எண்ணுக்கும் கீழே போவதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. சிப் பிரேக்கர் பள்ளம் வேலை செய்ய வேண்டுமானால் அந்த அளவு கனமாவது வேண்டும் என்றுதான் அடி எண்ணையே போட்டிருக்கிறார்கள்.

லேத்துக்கு வருவோம். டர்னிங்கில் டூலுக்கு ஒரே பல் மாதிரி. அதனால் ஃபீட்டைச் சுற்றுக்கு இத்தனை மி.மீ. என்று எழுதுவதே வழக்கம். சிஎன்எம்ஜி120408 என்ற இன்சர்ட் இல்லாத டர்னிங் ஷாப்பைப் பார்ப்பது அரிது. அதன் கடைசி 08 மூக்கு ஆரம் 0.8 மி.மீ. என்கிறது. ரஃபிங்கில் ஃபீட் இந்த ஆரத்தின் பாதியைத் தாண்ட வேண்டாம் என்பது கைக்கணக்கு. ஆக உச்சம் 0.4.

பினிஷிங்கில் மூக்கு ஆரம் இன்னும் நேரடியாகப் பேசும். டூல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அலை போன்ற தடத்தை விட்டுச் செல்கிறது. அலையின் உயரம், ஃபீட்டின் வர்க்கத்தை மூக்கு ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 0.8 ஆரத்தில் 0.3 ஃபீட் கொடுத்தால் உயரம் 14 மைக்ரான். 0.2 கொடுத்தால் 6.25. 0.1 கொடுத்தால் 1.6க்குப் பக்கம். ஃபீட்டைப் பாதியாக்கினால் அலை கால் பங்காகிறது. டிராயிங்கில் கேட்கும் ஆர்ஏ மதிப்பு இந்த உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. ஆர்ஏ 1.6 கேட்டிருந்தால், ஏட்டுக்கணக்கில் 0.2 ஃபீட் மயிரிழையில் தேறும். மெஷின் அதிர்வையும் டூல் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்த்தால் 0.15 வைப்பது நல்லது, கணக்குப்படி 0.9க்குள் வந்துவிடும். அதே ஜாபை 0.4 ஆரமுள்ள இன்சர்ட்டில் எடுத்தால் எல்லா எண்ணும் இரட்டிப்பாகும். "நேற்று வந்த பினிஷ் இன்றைக்கு வரவில்லை" என்றால் ஃபீட்டைத் தொடுவதற்கு முன், இரவு ஷிஃப்ட்டில் யாராவது 08க்குப் பதில் 04 மாட்டிவிட்டார்களா என்று பார்ப்பது மரியாதை.

பினிஷ் வேண்டும் என்று 0.03, 0.04 வரை இறங்குபவர்களும் உண்டு. ஏட்டுக்கணக்கு அதை மெச்சும். நிஜத்தில் டூல் தேய்க்கத் தொடங்கி, மேல்பரப்பு மங்கலாகி, கீறல் விழும். நூல் போல நீண்ட சிப் ஜாபைச் சுற்றிக்கொள்ளும். நீண்ட சிப்பைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருக்கும் ஆபரேட்டரைப் பார்த்தால், அந்த மெஷினில் ஃபீட் குறைவு என்று பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எஃகில் நல்ல சிப் தமிழ் 'உ'வின் தலைச்சுழி போலவோ, 6, 9 எண்கள் போலவோ துண்டு துண்டாக உடைந்து விழும். ஃபீட்டை 0.15லிருந்து 0.22க்கு ஏற்றியதும் கம்பிச்சுருள் நின்று தட்டில் சடசடவென்று சிப் விழுகிற சத்தம் கேட்பது இந்தத் தொழிலின் சின்னச் சின்ன சந்தோஷங்களில் ஒன்று.

லேத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபானுக் கண்ட்ரோலர் உள்ள லேத்துகளில் வழக்கமாக ஜி99 என்றால் சுற்றுக்கு இத்தனை, ஜி98 என்றால் நிமிடத்துக்கு இத்தனை. ஜி98 ஓடிக்கொண்டிருக்கும்போது எஃப்0.2 வந்தால், டூல் நிமிடத்துக்கு 0.2 மி.மீ. நகரும். அதாவது நின்ற இடத்தில் நின்று தேய்க்கும். ஜி99 ஓடும்போது எஃப்200 வந்தால் சுற்றுக்கு 200 மி.மீ.; மெஷின் அலாரம் அடிக்கும், இல்லாவிட்டால் தன்னால் முடிந்த உச்ச ஃபீட்டில் பாயும். சக் அருகில் இருந்தால் அப்புறம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. மில்லிங் மெஷினுக்குப் போனால் இதே ஜி98, ஜி99 துளை சைக்கிளில் டூல் எந்த உயரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதைக் குறிக்கும். அங்கே ஃபீட் முறைக்கு ஜி94, ஜி95. இரண்டு மெஷினையும் மாறி மாறிப் பார்க்கும் பையனுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பார்ட்டிங்கில் மையத்துக்கு 2 மி.மீ. இருக்கும்போது ஃபீட்டைக் கால் பங்கு அளவுக்கு இறக்கிவிட வேண்டும். மையத்தில் வெட்டு வேகமே கிடையாது, அங்கே டூல் வெட்டாமல் தள்ளுகிறது. ஃபீட் குறைப்பது சரியான வைத்தியமாக இருக்கும் சில இடங்களில் இது ஒன்று.

மீண்டும் மில்லிங். நம்முடைய 10 மி.மீ. கட்டர், 764 ஃபீட். இனி வருவதுதான் அதிகம் பேர் தவறவிடும் இடம்.

பல்லுக்கு 0.05 என்று நாம் கொடுத்தாலும், அந்தக் கனத்தில் சிப் வர வேண்டுமானால் கட்டர் தன் விட்டத்தில் பாதியாவது உலோகத்துக்குள் பக்கவாட்டில் நுழைந்திருக்க வேண்டும். ஓரத்தில் 1 மி.மீ. மட்டும் சீவிக்கொண்டு போகிறோம் என்று வையுங்கள். பல் வட்டப் பாதையில் வந்து, ஓரத்தை ஒரு சின்ன வில்லில் தொட்டுவிட்டு வெளியேறிவிடும். முழுக் கனத்துக்கு வளர்வதற்குள் சிப் முடிந்துவிடுகிறது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு, உண்மையான உச்சக் கனம் கொடுத்ததில் 60 சதவீதம்தான். 0.05 கேட்டோம், 0.03 கிடைத்தது. அகலம் அரை மில்லிமீட்டர் என்றால் 44 சதவீதத்துக்குக் கீழே போய்விடும், 0.022.

அப்படியானால் 0.05 கனம் உண்மையாகவே கிடைக்க, 1 மி.மீ. அகலத்துக்குப் பல்லுக்கு 0.083 கொடுக்க வேண்டும். ஃபீட் 764லிருந்து 1,270 ஆகும். அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு 1,750. இது டூலை வதைப்பது அல்ல; டூல் கேட்டதைக் கொடுப்பது. ஒரு ஓரத்தைப் பினிஷ் எடுக்கும்போது மெதுவாகத்தான் போக வேண்டும் என்று 300, 400இல் ஓட்டுகிற பழக்கத்தில் கட்டர் முழுக்க முழுக்கத் தேய்த்தே ஓய்கிறது. சிப் தட்டில் மாவு போல ஒரு பொடி சேரும். "சிப்பு பவுடரா வருது பாரு தம்பி, ஃபீட்டை ஏத்து" என்று அனுபவமுள்ள செட்டர் சொல்வது இந்தச் சூத்திரத்தைத்தான். புதிய கேம் மென்பொருள்களில் கட்டர் நுழையும் அகலத்தைச் சிறிதாகவும் ஒரே சீராகவும் வைத்து, ஆழத்தைப் பெரிதாக எடுத்து, கண்ணைக் கவரும் வேகத்தில் ஓட்டும் பாதைகள் வருகின்றன. அவை துணிச்சலால் ஓடுவதல்ல. இந்த மெலிவுக் கணக்கால் ஓடுகின்றன.

45 டிகிரி ஃபேஸ்மில்லிலும் இதே போல ஒன்று நடக்கும். சாய்ந்த விளிம்பு சிப்பை அகலமாக விரித்து மெலிதாக்குகிறது. கனம் கொடுத்ததில் 70 சதவீதம். ஹை ஃபீட் கட்டர்களில் சாய்வு 10, 15 டிகிரிதான். அவற்றில் பல்லுக்கு 1 மி.மீ. கொடுப்பது சர்வசாதாரணமாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

முழு அகலத்தில் காடி வெட்டும்போது இந்தச் சலுகை எதுவும் கிடையாது. பாதிச் சுற்று முழுக்கப் பல் உள்ளேயே இருக்கும், சிப் வெளியேற வழியில்லை, ஃபீட்டைக் கொஞ்சம் குறைத்தே ஆக வேண்டும். உள்மூலைகளும் அப்படி. ஓரமாக 1 மி.மீ. சீவிக்கொண்டே 1,270இல் வந்த கட்டர், 90 டிகிரி மூலைக்குள் நுழையும்போது திடீரென்று இரண்டு பக்கமும் உலோகத்தால் சூழப்படுகிறது. 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அது அந்த இடம்தான். முழுப் பாதைக்கும் ஃபீட்டைக் குறைப்பதைவிட, மூலைக்கு முன்னால் மட்டும் ஒரு வரியில் எஃப்பைக் குறைத்து, தாண்டியதும் ஏற்றிவிடலாம். அல்லது மூலையின் ஆரத்தைவிடச் சின்ன கட்டரைத் தேர்ந்தெடுத்து மூலையை வளைந்து திரும்ப வைக்கலாம்.

வட்டத் துளையை எண்ட்மில்லால் சுற்றி வெட்டும்போது திரை இன்னொரு பொய் சொல்லும். வழக்கமாக எஃப் என்பது கட்டரின் மையம் நகரும் வேகம். 25 மி.மீ. துளைக்குள் 10 மி.மீ. கட்டர் சுற்றினால் மையம் ஓடுவது 15 மி.மீ. வட்டத்தில், விளிம்போ 25 மி.மீ. வட்டத்தில். அதே நேரத்தில் விளிம்பு அதிக தூரம் ஓட வேண்டும். 764 கொடுத்தால் விளிம்பில் விழுவது 1,270க்கு மேல். துளை 12 மி.மீ. என்றால் மையத்தின் வட்டம் 2 மி.மீ.தான், விளிம்பில் 6 மடங்கு, 4,500ஐத் தாண்டும். நேர்க்கோட்டில் அமைதியாக ஓடிய டூல் சின்னத் துளைக்குள் போனதும் முறிந்தால், மெட்டீரியலைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். துளை விட்டத்திலிருந்து கட்டர் விட்டத்தைக் கழித்து, துளை விட்டத்தால் வகுத்து, வரும் பின்னத்தால் ஃபீட்டைப் பெருக்கினால் போதும். 25 மி.மீ. துளைக்கு 764 பெருக்கல் 0.6, ஆக 458. சில கண்ட்ரோலர்களில் இதைத் தானே திருத்தும் வசதி உண்டு. நம் மெஷினில் அது இருக்கிறதா, இயக்கி வைத்திருக்கிறதா என்று மேனுவலைப் பார்க்க வேண்டும். வெளிவட்டத்தை வெட்டும்போது இது தலைகீழ்: மையம் பெரிய வட்டத்தில் ஓடுவதால் ஃபீட்டை ஏற்றிக்கொள்ளலாம்.

டேப்பிங்கில் விவாதமே இல்லை. எம்8 டேப்பின் பிட்ச் 1.25, 400 ஆர்பிஎம் என்றால் ஃபீட் 500. அதில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. டேப்பிங்கும் லேத்தில் த்ரெட்டிங்கும் நடக்கும்போது ஓவர்ரைடு குமிழைத் திருப்பினாலும் மெஷின் கண்டுகொள்ளாமல் ஓடுவது அதனால்தான். ஆர்பிஎம்மை மாற்றிவிட்டு ஃபீட்டை மாற்ற மறப்பது இங்கே நேராக டேப் முறிவில் முடியும்.

முதல் பீஸ் ஓடும்போது எதைப் பார்ப்பது? சிப்பின் வடிவத்தை, நிறத்தை. கார்பைடில் எஃகு வெட்டும்போது சிப் வைக்கோல் நிறத்திலோ நீலத்திலோ வந்தால் வெப்பம் சிப்போடு போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஹெச்எஸ்எஸ் டிரில்லில் நீலம் வந்தால் ஆர்பிஎம் அதிகம். பிறகு ஸ்பிண்டில் லோடு மீட்டர். முதல் பீஸில் 35 சதவீதம் காட்டியது ஐம்பதாவது பீஸில் 45 காட்டினால் இன்சர்ட் தேய்ந்துவிட்டது. அது ஃபீட்டைக் குறைக்க வேண்டிய நேரமல்ல, மூலையைத் திருப்பி மாட்ட வேண்டிய நேரம். ஃபீட்டை மாற்றினால் ஃபீட்டை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். வேகம், ஆழம், கூலண்ட் என்று எல்லாவற்றையும் ஒரே பீஸில் தொட்டால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. 120 சதவீதத்தில் நன்றாக ஓடுகிறது என்றால், அந்த எண்ணைப் புரோகிராமிலேயே எழுதிவிட்டுக் குமிழை 100க்குக் கொண்டுவர வேண்டும். பகல் ஷிஃப்ட்காரர் குமிழில் வைத்திருக்கும் ரகசியம் இரவு ஷிஃப்ட்காரருக்குத் தெரியாது.

கடைசியாக, நேரம் குறைக்கத்தான் ஃபீட்டை ஏற்றுகிறோம் என்றால், டூல் காற்றில் ஓடும் தூரத்தை முதலில் பாருங்கள். 12 துளை, ஒவ்வொன்றும் 20 மி.மீ. ஆழம், 8 மி.மீ. டிரில், ஃபீட் 150. டிரில் துளைக்கு மேலே ஃபீட்டுக்கு மாறும் உயரத்தை, அதாவது ஆர் மதிப்பை, 10 மி.மீ. என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த 10 மி.மீ. காற்றை வெட்ட துளைக்கு 4 விநாடி ஆகிறது. ஆர் மதிப்பை 2 ஆக்கினால் துளைக்கு 3.2 விநாடி, 12 துளைக்கு 38 விநாடி மிச்சம். அதைத் தொடாமல் ஃபீட்டை 25 சதவீதம் ஏற்றியிருந்தால் கிடைத்திருப்பது 29 விநாடிதான்; டிரில்லும் அதற்கு விலை கொடுத்திருக்கும். மேல்பரப்பு ஏற்கெனவே மில் செய்ததாக இருந்தால் 2 மி.மீ. தாராளம். வார்ப்புத் தோலோடு வரும் காஸ்டிங் என்றால் உயரம் பீஸுக்குப் பீஸ் மாறும். அதற்கு 5 வைத்துக்கொள்ளுங்கள்.